பத்துக் கிலோ பாலம்

திருநெல்வேலி ஜங்ஷனில் ஈரடுக்கு மேம்பாலத்தின் ஏற்றம் தொடங்கும் இடத்தில் காலை நேரத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். சிமெண்டு மூட்டையோ வாழைத்தாரோ காய்கறிச் சாக்கோ ஏற்றிய மூன்று சக்கர சைக்கிள் ஒன்று வரும். சமதரையில் சீராக மிதித்து வந்தவர், ஏற்றத்துக்குப் பத்தடி முன்பே சீட்டிலிருந்து இறங்கிவிடுவார். ஒரு கை ஹேண்டில்பாரில், மறு கை சீட்டின் பின்னால். தலையைக் குனிந்து, உடம்பைச் சாய்த்துத் தள்ளத் தொடங்குவார். பக்கத்தில் வருகிறவர் தெரிந்தவராக இருந்தால் "அண்ணாச்சி, ஒரு கை குடுங்க" என்பார். தெரியாதவராக இருந்தாலும் அண்ணாச்சிதான்.

ஏன் இறங்குகிறார்? ஏறி மிதிப்பதைவிட இறங்கித் தள்ளுவது எந்த வகையில் லேசு? இதற்கு விடை தெரிந்தால்தான் அந்த வண்டிக்கு எப்படிப்பட்ட மோட்டார் பொருந்தும் என்பதும் தெரியும். கேள்வியையே கேட்காமல் மோட்டாரை வாங்கி வந்து, எங்கே மாட்டுவது என்று பிறகு யோசிப்பதுதான் பட்டறை வழக்கம்.

கணக்குக்கு ஒரு வண்டியை வைத்துக்கொள்வோம். இரும்புக் குழாயும் ஆங்கிளும் வெட்டி உள்ளூர்ப் பட்டறையில் பற்றவைத்தது. வண்டி 65 கிலோ, ஓட்டுபவர் 55 கிலோ, சுமை 180 கிலோ. ஆக மொத்தம் 300.

சமதரையில் இந்த வண்டியை நகர்த்த எவ்வளவு இழுக்க வேண்டும்? டயர் தரையில் நசுங்கி நிமிர்வதிலும் பேரிங்கிலும் வீணாகும் இழுவை, நல்ல நிலையில் உள்ள வண்டியில் எடையில் ஏறத்தாழ நூற்றில் 1.2 பங்கு. அதாவது மூன்றரைக் கிலோ. 300 கிலோவை நகர்த்த மூன்றரைக் கிலோ போதும்! சக்கரம் என்ற கண்டுபிடிப்பின் மகிமை முழுவதும் இந்த ஒரு எண்ணில் இருக்கிறது. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் இதற்கு 100 வாட் அளவு திறன் வேண்டும். பழகிய உடம்பு நாள் முழுக்கச் சளைக்காமல் தரக்கூடியது 75 வாட். கொஞ்ச நேரம் 100, 150 என்று தரலாம். ஆக, தட்டையான சாலையில் மனிதனும் வண்டியும் ஏறக்குறைய சரிசமமாகப் பொருந்திப் போகிறார்கள்.

இனிப் பாலம். மேம்பாலங்களின் ஏற்றம் பொதுவாக 30 அடி நகர்ந்தால் ஓர் அடி உயர்கிற அளவை ஒட்டி இருக்கும். சரிவில் எடை நம்மைப் பின்னால் இழுக்கும் அளவும் அதே விகிதம்தான். 300 கிலோவில் முப்பதில் ஒரு பங்கு, 10 கிலோ. அந்தப் பாலம் முழுக்க ஒரு பத்துக் கிலோ அரிசிப் பையைக் கயிற்றில் கட்டி வண்டிக்குப் பின்னால் தொங்கவிட்ட மாதிரி. உருளும் தடையையும் சேர்த்தால் பதிமூன்றரைக் கிலோ. மூன்றரை இருந்த இடத்தில் பதிமூன்றரை. ஏறத்தாழ நான்கு மடங்கு.

இந்த இழுவையைப் பெடலில் தர முடியுமா என்று பார்ப்போம். சக்கரத்தின் ஆரம் 35 சென்டிமீட்டர், பெடல் கையின் நீளம் 17 சென்டிமீட்டர், பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் இரண்டு சுற்று. கணக்குப் போட்டால், பெடலின் மீது சராசரியாக 56 கிலோ அழுத்தம் வேண்டும். நம் ஆளின் எடையே 55 கிலோ! இரண்டு காலையும் ஒரே பெடலில் வைத்து எழுந்து நின்றால்கூட வண்டி நகராது. அதனால் இறங்குகிறார். இறங்கியதும் அவருடைய 55 கிலோ வண்டியிலிருந்து கழிகிறது, தள்ள வேண்டியது 11 கிலோவாகக் குறைகிறது. நடக்கும் வேகத்தில் அதை உடம்பைச் சாய்த்தே தள்ளிவிடலாம். கியர் இல்லாத வண்டிக்கு நடைதான் முதல் கியர். சோம்பலோ பலவீனமோ இல்லை, மிகச் சரியான பொறியியல் முடிவு அது.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் இந்தக் கணக்குக்கு ஒரு விசேஷம் உண்டு. அம்பாசமுத்திரம் கடல் மட்டத்திலிருந்து 76 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, திருநெல்வேலி 47 மீட்டரில். நடுவே சுமார் 35 கிலோமீட்டர். அத்தனை தூரத்துக்கு 29 மீட்டர்தான் இறக்கம். ஆயிரம் அடிக்கு ஓர் அடிகூட இல்லை. பொதிகையில் தலைகீழாக விழுந்து வரும் ஆறு, பாபநாசம் தாண்டியதும் வண்டலைக் கொட்டிக் கொட்டி நிலத்தைப் பாய் விரித்த மாதிரி ஆக்கிவிட்டது. அந்தத் தட்டை நிலத்தில்தான் வயலும் வாழையும் வந்தன, மாட்டு வண்டியும் அதன் பிறகு மூன்று சக்கர சைக்கிளும் வந்தன. ஆறு சமப்படுத்திய தரையில் மேடுகளை எழுப்பியவர்கள் நாம். ரயில் பாதை வந்தது, அதைத் தாண்ட மேம்பாலம் வந்தது. மிதி வண்டிக்காரர் ஒரு நாளில் கடக்கும் ஏற்றங்களை எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் எல்லாமே கான்கிரீட்டாகத்தான் இருக்கும்.

கான்கிரீட் இல்லாத மேடு ஒன்றும் உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கி வரும் மேல்காற்று. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்றை எதிர்த்து மேற்கே 10 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி, 35 கிலோமீட்டர் வேகக் காற்றைச் சந்திக்கிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவது. ஒரு சதுர மீட்டர் பரப்பைக் காற்றுக்குக் காட்டும் சுமைக்கு இது கிட்டத்தட்ட 6 கிலோ இழுவை. பாலத்தில் பாதிக்கு மேல்! பாலமாவது ஏறி இறங்கினால் முடிந்துவிடும். காற்று ஊர் போய்ச் சேரும்வரை முடியாது. பத்தமடைப் பாய்க் கட்டுகளை ஏற்றிப் போகிறவருக்கு எடை ஒன்றும் பெரிதாக இருக்காது, ஆனால் நிறுத்தி வைத்த பாய் கப்பலின் பாய் மாதிரி வேலை செய்யும். படுக்க வைத்துக் கட்டினாலே பாதிச் சிரமம் போய்விடும். மோட்டார் வாங்குவதற்கு முன் செய்யக்கூடிய, காசு செலவில்லாத மாற்றங்களில் இது ஒன்று. டயரில் காற்றைச் சரியாக அடித்து வைப்பது இன்னொன்று. காற்றுக் குறைந்த டயரில் மூன்றரைக் கிலோ ஐந்து கிலோவாகத் தாராளமாக ஏறிவிடும்.

சரி, மோட்டார்.

மூன்று சக்கர சைக்கிளில் மின்மோட்டாரை மாட்டுவது நம் காலத்து யோசனை என்று நினைத்தால், 140 ஆண்டு பிந்திவிட்டோம். 1881 ஏப்ரல் 19 அன்று பாரிஸ் நகரின் வாலுவா தெருவில் குஸ்தாவ் த்ரூவே என்பவர் ஒரு மூன்று சக்கர சைக்கிளில் மின்சாரத்தால் ஓடிக் காட்டினார். இங்கிலாந்தில் செய்த மிதி வண்டி, அதில் அவர் பொருத்திய மோட்டார், மறுபடி மறுபடி சார்ஜ் ஏற்றக்கூடிய ஈய பேட்டரி. சாலையில் ஓடிய, சார்ஜ் ஏற்றக்கூடிய முதல் மின்வாகனம் என்று பலரும் குறிப்பிடுவது இதைத்தான். அடுத்த ஆண்டே லண்டனில் வில்லியம் அயர்ட்டனும் ஜான் பெர்ரியும் தங்கள் மின் மூன்று சக்கரத்தைச் செய்தார்கள். அதில் மின்விளக்கும் இருந்தது. இந்த அயர்ட்டன் அதற்குப் பத்தாண்டு முன்பு இந்தியத் தந்தித் துறையில் வேலை பார்த்தவர். கார்ல் பென்ஸின் பெட்ரோல் வண்டி 1885-86இல்தான் வருகிறது, அதுவும் மூன்று சக்கரம். ஆக, பட்டறையில் பழைய சைக்கிளையும் மோட்டாரையும் சேர்த்துப் பற்றவைப்பவர் ஏதோ குறுக்கு வழியில் போகவில்லை. மின்வாகனத்தின் ராஜபாட்டையே அதுதான்.

கடையில் மலிவாகக் கிடைப்பது ஹப் மோட்டார். சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்ளேயே மோட்டார் இருக்கும்; பழைய சக்கரத்தைக் கழற்றிவிட்டு இதை மாட்டினால் வேலை முடிந்தது. ஒற்றை ஆள் போகிற சைக்கிளுக்கு நல்ல ஏற்பாடு. நம் 300 கிலோ வண்டிக்கு என்ன ஆகும்? 250 வாட் மோட்டார், சக்கரம் நிமிடத்துக்கு 200 சுற்று சுற்றும் வேகத்தில் முழுத் திறனையும் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது மணிக்கு 26 கிலோமீட்டர். அந்த வேகத்தில் சக்கர விளிம்பில் கிடைக்கும் இழுவை மூன்றரைக் கிலோ. சமதரையில் உருளவே அது சரியாகப் போய்விடும். பாலத்தில் தேவை பதிமூன்றரை.

அதே 250 வாட்டை வேறு மாதிரிப் பயன்படுத்துவோம். தனியாக ஒரு சிறு மோட்டார், நிமிடத்துக்கு 2,700 சுற்று. அதன் முன்னால் ஒன்பதுக்கு ஒன்று குறைக்கும் கியர் பெட்டி. வெளியே வருவது 300 சுற்று. அதில் 9 பல் பல்சக்கரம், அங்கிருந்து செயின், பின் அச்சில் 27 பல் பல்சக்கரம். அச்சு சுற்றுவது 100 முறை. சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர் போகும், ஆக மணிக்கு 13 கிலோமீட்டர். வேகம் பாதியானது, இழுவை இரட்டிப்பாகிறது. செயினிலும் கியரிலும் போகிற நஷ்டம் கழித்து ஆறு கிலோ கிடைக்கும். சமதரையில் மோட்டார் தனியாகவே ஓட்டும், கால் சும்மா கூடச் சுற்றலாம். எதிர்க்காற்றில் ஆளும் மோட்டாரும் பங்கு போட்டுக்கொள்ளலாம். பாலத்தில் மோட்டார் ஒரு நிமிடத்துக்கு இரட்டிப்பாக உழைத்தால் பன்னிரண்டு கிலோ தரும். மிச்சத்தைக் கால் பார்த்துக்கொள்ளும். இறங்க வேண்டாம்.

திறன் என்பது இழுவையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. இருக்கிற 250 வாட்டை எந்தப் பக்கம் செலவழிப்பது என்று முடிவு செய்வது பல்சக்கரம். பின்னால் 27க்குப் பதில் 18 பல் போட்டால் வண்டி 20 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும், பாலத்தடியில் நின்றுவிடும். "எவ்வளவு ஸ்பீடு போகும்?" என்பதுதான் மோட்டார் மாட்டிய வண்டியைப் பார்க்கிற எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. சுமை வண்டியிடம் கேட்கத் தகாத கேள்வி அது. "எந்தப் பாலத்தை ஏறும்?" என்று கேட்பவரே வண்டி தெரிந்தவர்.

மோட்டார் இரட்டிப்பாக உழைக்கும் அந்த ஒரு நிமிடத்தில் உள்ளே நடப்பதையும் சொல்லிவிட வேண்டும். மோட்டாரும் ஜெனரேட்டரும் ஒரே கருவிதான். மோட்டார் சுற்றும்போது தானே ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கி, பேட்டரியை எதிர்த்துத் தள்ளுகிறது. வேகமாகச் சுற்றினால் எதிர்ப்பு அதிகம், உள்ளே பாயும் மின்னோட்டம் குறைவு. ஏற்றத்தில் திணறி வேகம் குறைந்தால் எதிர்ப்பும் குறையும், மின்னோட்டம் கூடும், இழுவை கூடும். கேட்காமலே உதவிக்கு வரும் நல்ல குணம். ஆனால் விலை உண்டு. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் செம்புக் கம்பியில் எழும் சூடு நான்கு மடங்கு. முற்றிலும் நின்றுபோன மோட்டாருக்கு எதிர்ப்பே இல்லை. கிடைக்கிற மின்சாரம் முழுவதும் சூடாக மாறும். கருகிய வார்னிஷ் வாசனை வந்தால் வைண்டிங் போயிற்று என்று அர்த்தம்.

ஆகவே வண்டியை நிற்கும் நிலையிலிருந்து கிளப்பும்போது முதல் இரண்டு மிதி காலால், பிறகுதான் ஆக்சிலேட்டர். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. வடம் பிடிக்க ஆயிரம் பேர் இருந்தாலும், நிற்கிற தேரை அசைக்கப் பின்னால் நெம்புகோல் போடுகிறார்கள். ஓடத் தொடங்கிய பிறகு வடம் போதும். மோட்டாருக்கு நம் கால்தான் நெம்புகோல்.

பேட்டரிக் கணக்கு எளிது. மூன்றரைக் கிலோ இழுவையோடு ஒரு கிலோமீட்டர் போக ஏறத்தாழ 10 வாட்-மணி வேண்டும். மோட்டாரிலும் கியரிலும் கன்ட்ரோலரிலும் போகிற நஷ்டம், நடுவே பாலம், காற்று எல்லாவற்றையும் தாராளமாகச் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 24 என்று வைத்தால், ஒரு நாளைக்கு 25 கிலோமீட்டர் ஓட 600 வாட்-மணி. சார்ஜரின் நஷ்டத்தோடு முக்கால் யூனிட். ஒரு யூனிட்கூட இல்லை! வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாக இருக்கும் மாநிலத்தில் இது சில ரூபாய்ச் செலவு.

அந்த முக்கால் யூனிட்டை வேறு விதமாகவும் பார்க்கலாம். 100 மீட்டர் உயரத்திலிருந்து மூன்று டன்னுக்குச் சற்று மேல் தண்ணீர் டர்பைனில் விழுந்தால் கிடைக்கும் மின்சாரம் அது. பாபநாசத்தில் அப்படி விழும் தண்ணீரிலிருந்து 1944 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். அதற்கும் அறுபது ஆண்டு முன்பே ஹார்வி சகோதரர்கள் அந்த நீர்விசையை நேரடியாக நூற்பாலைக்குப் பூட்டியிருந்தார்கள். தாமிரபரணிக்குக் குறுக்கே உள்ள சுலோசன முதலியார் பாலத்தின் மேல் ஒரு மின் மூன்று சக்கரம் போகும்போது, கீழே ஓடுகிற தண்ணீரே மேலே வண்டியையும் இழுக்கிறது என்று சொன்னால் கவிதை மாதிரி இருக்கும். மின்கட்டமைப்பில் எந்த யூனிட் எங்கிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. கயத்தாறு காற்றாலையாகவும் இருக்கலாம், கூடங்குளமாகவும் இருக்கலாம். கவிதையை அந்த அளவில் விட்டுவிடுவோம்.

600 வாட்-மணியை எதில் சேமிப்பது? ஈய பேட்டரி எல்லா ஊரிலும் கிடைக்கும், பழுது பார்க்க ஆள் உண்டு, பழையதைக் கொடுத்தால் காசும் வரும். ஆனால் அதை முழுக்க வடித்தால் ஆயுள் குறையும், பாதிதான் எடுக்கலாம். எனவே 1,200 வாட்-மணி வாங்க வேண்டும். 35 கிலோவுக்குக் குறையாது. ஒரு சிப்பம் அரிசியைவிட அதிகம், கூலி இல்லாத சுமை. நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் சில நூறு சார்ஜ்தான் தாங்கும். பாளையங்கோட்டை வெயில் இன்னொரு எதிரி. வெப்பம் எட்டுப் பத்து டிகிரி கூடினால் ஈய பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது பட்டறிவு. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் இதே வேலைக்கு எட்டுக் கிலோ அளவே போதும். இரண்டாயிரம் சார்ஜ் வரை உழைக்கும், மற்ற லித்தியம் வகைகளைவிடத் தீப்பிடிக்கும் ஆபத்தும் குறைவு. வாங்கும்போது விலை கூடுதல். தினக்கூலிக்காரருக்கு "ஐந்து வருஷத்தில் லாபம்" என்ற கணக்கு புரியாமல் இல்லை. இன்றைக்குக் கையில் அந்த ரூபாய் இல்லை என்பதுதான் அவருடைய கணக்கு. எதை வாங்கினாலும் பேட்டரியின் முனைக்குப் பக்கத்திலேயே ஒரு ஃப்யூஸ் இருக்க வேண்டும். இரும்புச் சட்டத்தில் உரசித் தோலுரிந்த ஒயருக்கு வேறு காவல் இல்லை.

இதுவரை சொன்னது வண்டியை ஓட வைப்பது. நிறுத்துவதும் கவிழாமல் திருப்புவதும்தான் கடினம், அதைப் பற்றிப் பேசுகிறவர்களும் குறைவு.

இரண்டு சக்கர சைக்கிள் திரும்பும்போது உள்பக்கம் சாய்கிறது. அதனால் சக்கரத்தின் மீது வரும் சுமை எப்போதும் ஆரக்கம்பிகளின் தளத்திலேயே இறங்கும். மூன்று சக்கரம் சாய முடியாது. திருப்பத்தில் சக்கரத்தைப் பக்கவாட்டில் முறுக்கும் விசை வரும். சைக்கிள் சக்கரம் அதற்காகச் செய்யப்பட்டதே இல்லை. ரிம் கோணுவதும் ஆரக்கம்பி அறுவதும் இதனால்தான். ரிக்‌ஷாக்களுக்கென்று தடித்த கம்பிச் சக்கரம் தனியாக வந்ததும் இதனால்தான்.

கம்பி அறுவதாவது பரவாயில்லை. பின் சக்கரங்களுக்கு நடுவே 90 சென்டிமீட்டர் அகலம், சுமையோடு சேர்த்து எடை மையம் தரையிலிருந்து 80 சென்டிமீட்டர் உயரம். நான்கு மீட்டர் ஆரமுள்ள தெருமுனைத் திருப்பத்தில் இந்த வண்டியின் உள்சக்கரம் எந்த வேகத்தில் தரையைவிட்டு எழும்பும்? மணிக்கு 14 கிலோமீட்டர். ரத வீதி முனையில் ஒரு மாடு குறுக்கே வந்து சட்டென்று ஒடித்துத் திருப்பினால் அதைவிடக் குறைந்த வேகத்திலேயே சாயும். காருகுறிச்சிப் பானைகளை அடுக்கி வைத்த வண்டி சாய்ந்தால் என்ன மிஞ்சும்? காலால் மிதித்த காலத்தில் இந்தச் சிக்கல் தலைகாட்டவில்லை. சுமையோடு யாராலும் 14 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்துத் திருப்ப முடியாது. மனித உடம்பின் பலவீனமே வண்டிக்குப் பாதுகாப்பாக இருந்தது. மோட்டார் அந்தப் பாதுகாப்பை எடுத்துவிடுகிறது. 18 பல்லுக்குப் பதில் 27 பல் என்று பிடிவாதம் பிடித்ததற்கு இது இரண்டாவது காரணம்.

பிரேக்கும் அப்படியே. 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் 300 கிலோ வண்டியை நிறுத்த ஒரு பங்கு ஆற்றலை அழிக்க வேண்டும் என்றால், 25 கிலோமீட்டரில் ஆறேகால் பங்கு. முன் சக்கர ரிம்மில் இரண்டு ரப்பர் கட்டை மட்டும் உள்ள வண்டியில், மழை பெய்து ரிம் நனைந்தால் அதுவும் பாதிதான் பிடிக்கும். எடையில் பெரும்பகுதி பின் சக்கரங்களில் இருக்க, பிரேக் முன்னால் இருந்து என்ன பயன்? பின் அச்சில் டிரம்மோ டிஸ்க்கோ போட்டுவிட்டுத்தான் மோட்டாரைப் பற்றிப் பேச வேண்டும். தேரோட்டத்திலும் வடம் பிடிப்பவர்களைவிட முட்டுக்கட்டை போடுகிறவர்களுக்குத்தான் அனுபவம் அதிகம் வேண்டும். "முட்டுக்கட்டை போடாதே" என்பதை வசைச்சொல்லாக்கிய மொழிக்கு அந்தக் கட்டை இல்லாத தேர் என்ன செய்யும் என்று தெரியாமலா இருக்கும்?

மகாராஷ்டிரத்தின் பல்டனில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் அனில் ராஜ்வன்ஷி குழு 2000ஆம் ஆண்டை ஒட்டி ரிக்‌ஷாவை எடுத்துக்கொண்டபோது இந்த வரிசையைத்தான் பின்பற்றியது. கியர், பின் சக்கர பிரேக், எடைக் குறைப்பு என்று மிதி வண்டியையே முதலில் சீர்படுத்தினார்கள். மோட்டார் உதவியோடு மிதிப்பது ஒரு வகை, முழு மின்ரிக்‌ஷா இன்னொரு வகை. 2008 அக்டோபர் 2 அன்று டெல்லி சாந்தினி சவுக்கில் சிஎஸ்ஐஆர் அமைப்பின் துர்காபூர் ஆய்வகம் உருவாக்கிய சோலெக்‌ஷா அறிமுகமானது. ஹப் மோட்டார், சூரிய ஒளியில் சார்ஜ் ஏற்றும் பேட்டரி. இரண்டும் தெருவை ஆளவில்லை. தெருவை ஆள வந்தது எந்த ஆய்வகமும் வடிவமைக்காத, இறக்குமதிப் பாகங்களைக் கோத்த ஈ-ரிக்‌ஷா. அது பெருகிய பிறகுதான் சட்டம் விழித்தது. 2014இல் டெல்லி உயர் நீதிமன்றம் தடை போட்டது. அந்த ஆண்டே விதிகளும், 2015இல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தமும் வந்தன. சரக்கு ஏற்றும் ஈ-கார்ட்டுக்கு 310 கிலோ சுமை, அதிகபட்சம் 25 கிலோமீட்டர் வேகம் என்று வரம்பு. இன்னொரு பக்கம், 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டு, அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையத்தின் சான்று பெற்றது மோட்டார் வாகனமாகவே கருதப்படாது.

பட்டறை வண்டி இந்த இரண்டுக்கும் நடுவே அந்தரத்தில் நிற்கிறது. ஒற்றை வண்டிக்குச் சோதனை நிலையச் சான்று வாங்குவது நடக்கிற காரியமில்லை. சென்னையில் பழைய பைக் இன்ஜினை மிதி வண்டியில் பூட்டிய மீன்பாடி வண்டிகளுக்கு நேர்ந்தது எல்லோருக்கும் தெரியும்: பதிவு இல்லை, காப்பீடு இல்லை, பிடித்தால் பறிமுதல். அவற்றைக் கண்டு பயந்தவர்கள் சொன்ன காரணமும் நியாயம்தான், அந்த வண்டிகள் வேகமாக ஓடின, நிற்கத் தெரியாமல் ஓடின. சட்டம் வேகத்தையும் வாட்டையும் அளக்கிறது. பிரேக்கை அளந்து, மெதுவாகப் போகிற உள்ளூர் வண்டிக்கு வட்டார அலுவலகத்திலேயே சான்று தர ஒரு வழி இருந்தால் நன்றாக இருக்கும் என்பது என் ஆசை.

அரசுப் பணத்தில் இந்த மாற்றம் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. ஊராட்சிகளில் தூய்மைக் காவலர்கள் மிதித்தும் தள்ளியும் கொண்டு போன குப்பை வண்டிகளின் இடத்தில் பேட்டரி வண்டிகள் வந்திருக்கின்றன. கோயம்புத்தூரில் 2008இல் தொடங்கிய ஆம்பியர் போன்ற நிறுவனங்கள் இப்படிப்பட்ட வண்டிகளைச் செய்தன. வீட்டுக்கு வீடு நின்று நின்று போகிற வேலைக்கு மின்மோட்டாரைவிடப் பொருத்தமானது இல்லை; நிற்கும்போது அது எதையும் குடிப்பதில்லை. நம் 300 கிலோ வண்டி 13 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரு முறை நிற்பதில் இழப்பது அரை வாட்-மணிக்குச் சற்று மேல். ஐம்பது முறை நின்றாலும் ஒரு கிலோமீட்டர் ஓட்டத்துக்கான மின்சாரம்தான். பிரேக் பிடிக்கும்போது மின்சாரத்தைத் திரும்ப எடுக்கும் கன்ட்ரோலருக்குக் கூடுதல் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். அந்தக் காசுக்கு நல்ல பிரேக் கட்டை வாங்கலாம்.

கடைசியாக ஒரு சின்னப் பாகம், ஃப்ரீவீல். பெடலில் இருந்து வரும் செயினுக்கு ஒன்று, மோட்டாரில் இருந்து வரும் செயினுக்கு ஒன்று என்று பின் அச்சில் இரண்டு வேண்டும். அப்போதுதான் மோட்டார் இழுக்கும்போது பெடல் காலை அடிக்காது, கால் மிதிக்கும்போது செத்த மோட்டாரையும் சேர்த்துச் சுற்ற வேண்டியதில்லை. நயினார்குளம் சந்தையில் சுமையை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் பேட்டரி தீர்ந்துவிட்டால், காலி வண்டியை மிதித்தே வீடு போய்ச் சேரலாம். ஈ-ரிக்‌ஷாவால் அது முடியாது.

போகும் வழியில் பாலம் மறுபடி வரும். இந்த முறை ஏற்றம் சிரமமில்லை. உச்சியில் நின்று பார்த்தால் அடுத்த பக்கம் இறக்கம். அதே முப்பதுக்கு ஒன்று, ஆனால் இப்போது பின்னுக்கு இழுத்த பை முன்னால் இழுக்கிறது. சுமை இருக்கும் நாளில் 300 கிலோ வண்டியை 200 மீட்டர் தூரம் அப்படியே உருளவிட்டால் அடிவாரத்தில் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரை நெருங்கும், அங்கே வண்ணார்பேட்டைக்கோ டவுனுக்கோ போகிற பஸ் ஒன்று திரும்பிக்கொண்டிருக்கும். மோட்டாரை அணைத்து, உச்சியிலிருந்தே பின் பிரேக்கை லேசாகப் பிடித்தபடி, நடை வேகத்தில் இறங்க வேண்டும்.